பால் மறக்க எட்டு நாள்

மகளுக்கு இரண்டரை வயதாகியும் பால்குடி மறக்கவில்லை. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தாள், துப்பினாள், பிறகு குடித்தாள். திண்டுக்கல்லில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் குழந்தை மருத்துவர் அவளை எடை மேடையில் உட்காரவைத்து எண்ணைப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு முன்பு இருந்த அதே எண். பாலை நிறுத்தினால்தான் சோறு இறங்கும் என்று அவர் சொன்னபோது, சோற்றுத் தட்டை நான்தான் ஒளித்து வைத்திருப்பதுபோல் கூச்சமாக இருந்தது. பாதி அது உண்மையும்கூட. ஊட்டும்போது இரண்டு வாய்க்கு மேல் அவள் தலையைத் திருப்பினால் நான் வற்புறுத்த மாட்டேன். எப்படியும் பால் இருக்கிறதே என்று ஒரு தைரியம்.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழி உண்டு. பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுத் தாய் எட்டுப் பத்து நாள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். முகம் தெரியக் கூடாது, குரல் கேட்கக் கூடாது. அம்மா இல்லாத எனக்கு ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் அக்கா வீடுதான் பிறந்த வீடு. ஒருமுறை அங்கே விட்டும் பார்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் கால் தானாகவே பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டது. பழனி பேருந்தில் ஏறி, தோப்புக்குள் நுழைந்து, மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் என்ன செய்தேன் என்பதே உறைத்தது. அக்கா கொய்யாக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"உன்னைய பஸ்ஸு போகாத ஊருக்குத்தான்டி அனுப்பணும்" என்றாள்.

அப்படித்தான் மஸ்கட் வந்தது. கணவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறார். ஒரே அறையில் ஆறு பேர் என்பதால் குடும்பத்தை அழைத்துப்போய் வைக்க வழியில்லை. அந்த அறையில் தங்காமல் நான் எட்டு நாளைக் கழிக்க அவர்தான் இந்தப் பயணத்தைக் கண்டுபிடித்தார். எட்டு நாள், இரண்டு வண்டி, மொத்தமே எட்டுப் பேர். கடற்கரை, பாலைவனம், மலை என்று போய்க்கொண்டே இருப்பது, இருட்டும் இடத்தில் கூடாரம் போட்டுத் தூங்குவது. விடுப்பு எடுத்துக்கொண்டு அவரும் வருவதாக ஏற்பாடு. எனக்கு அதைக் கேட்டதும் திண்டுக்கல்லில் இருந்து சமையல்காரரோடு காசிக்குக் கிளம்பும் சுற்றுலாப் பேருந்துதான் நினைவுக்கு வந்தது. புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, முறுக்கு, புதிதாகத் தைத்த நான்கு சுடிதார். இப்படித்தான் பெட்டி கட்டினேன்.

நான் போய் இறங்கிய அன்று சாயங்காலம் தொழிற்சாலையில் ஏதோ பெரிய இயந்திரம் நின்றுபோனது. விடுப்பு ரத்து. என் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் போனில் பேசி முடித்தார். அப்படியானால் நானும் ஊருக்குத் திரும்புகிறேன் என்றேன்.

"ஒரு நாளுல திரும்பிப் போனா புள்ள எப்பிடி மறக்கும்? நீ போயிட்டு வா. நல்ல ஆளுகதான், விசாரிச்சுட்டேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் மறுக்க முடியாமல் செய்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அறிமுகமில்லாத ஆறு பேரோடு கிளம்பிய இரண்டு வெள்ளை வண்டிகளில் ஒன்றின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தேன். வழிகாட்டி அந்த ஊர்க்காரர், நாற்பது வயதிருக்கும், நீளமான வெள்ளை அங்கி. மற்றவர்கள் பல தேசத்துக்காரர்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், ஒரு கணவன் மனைவி, நண்பர்கள் மூவர். அந்த மூவரில் ஒருத்தியான போலந்து நாட்டு நர்ஸோடு எனக்கு ஒரே கூடாரம். என் வயதுதான் அவளுக்கும். குழந்தை இருக்கிறதா, ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டாள். பால் மறக்கடிக்க என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் இல்லை, எம்.காம். படித்தவள்தான். ஆனால் அந்த மொழியில் சொன்னால் என்னவோ குற்றம்போல் ஒலிக்கும் என்று தோன்றியது. விடுமுறைக்கு வந்தேன் என்றேன். அருமை என்று சொல்லிவிட்டு அவள் புத்தகத்தைத் திறந்தாள்.

வண்டிக் கதவின் உள்பக்கம் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. யார் எந்த நாள் சமைப்பது, பாத்திரம் கழுவுவது, தண்ணீர் பிடிப்பது, சாமான் ஏற்றுவது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். சமையல்காரர் என்று யாரும் இல்லை. முதல் நாளும் இரண்டாம் நாளும் என் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது.

முதல் நாள் கடற்கரையில் அந்தக் கணவன் மனைவி சோறும் பருப்பும் சமைத்தார்கள். நான் பழக்கத்தில் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். எல்லாருக்கும் போட்டேன். இரண்டாம் முறை வந்தவர்களுக்கும் போட்டேன். கரண்டி பிடித்தவள் கடைசியில் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்தக் கடைசியில் யாராவது ஒருவர், நீயும் போட்டுக்கோம்மா என்று சொல்லுவார்கள். சொன்ன பிறகு போட்டுக்கொள்வேன். இதெல்லாம் ஒரு வழக்கம் என்றுகூட எனக்கு அதுவரை தெரியாது. அங்கே எல்லாரும் நன்றி சொன்னார்கள், தட்டைக் கொண்டுபோய் வைத்தார்கள். நான் ஏற்கெனவே சாப்பிட்டிருப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். அன்றைக்குப் பாத்திரம் துலக்கும் முறை வந்த ஆசிரியர் மிச்சத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சட்டியை மணல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. கூடாரத்துக்குள் போய் முறுக்கு தின்றேன். கடிக்கும் சத்தம் கேட்குமே என்று வாயில் ஊறவைத்துத் தின்றேன்.

விடியும்போது மார்பு இரண்டும் கல்லாகக் கட்டியிருந்தன. பாறைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பாலை மணலில் பீய்ச்சினேன். முழுதாகப் பீய்ச்சாதே, கடுப்பு தீரும் மட்டும் பீய்ச்சு, இல்லாவிட்டால் மறுபடி ஊறும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். எவ்வளவு என்பது எப்படித் தெரியும்? கொஞ்சம் எடுத்தேன், கூடிப்போய்விட்டதோ என்று நிறுத்தினேன், போதவில்லையோ என்று மறுபடி எடுத்தேன். மணல் உடனே குடித்துவிட்டது. ஈரத்தின் அடையாளம்கூட நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது எல்லாரும் தூக்கத்தில் இருந்தார்கள். சும்மா நிற்க முடியவில்லை. காபி போட்டுக் குடித்த குவளைகள் முந்தின நாளில் இருந்து கிடந்தன. கழுவினேன். தண்ணீர்க் கேன்களை நிரப்பி வைத்தேன். நாற்காலிகளை மடித்துக் கட்டினேன். சாப்பாடு முடிந்ததும் வழிகாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அன்று காலை வேலை ஆசிரியருடையது என்றும், அவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, முந்தின நாள் தான் சரியாகச் செய்யவில்லையோ என்று கேட்டதாகவும் சொன்னார். பிறகு மிகவும் மென்மையாக, உங்கள் முறை நாளைக்குத்தான் என்றார். அட்டையைக் காட்டினார்.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அன்று முழுவதும் யாருக்கும் என்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் வந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார்கள். நானும் இறங்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. யாரிடமாவது காட்டவேண்டும் போலிருந்தது, என் இடுப்பில் ஆள் இல்லை.

அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, குரல் பதிவு அனுப்பலாம். அக்கா அனுப்பிக்கொண்டிருந்தாள். முதல் நாள் மகள் அழுதாள், தூங்கிவிட்டாள். இரண்டாம் நாள் சோற்றைத் தட்டிவிட்டாள். மூன்றாம் நாள் மத்தியானப் பதிவில் அக்காவின் குரலுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. அழுது அழுது தொண்டை கட்டிப்போன குரல். கக்கிவிட்டாள், நீ பதறாதே என்றாள் அக்கா.

அன்று என் சமையல் முறை. பருப்பைக் கடைந்தேனா கருக்கினேனா என்றே தெரியாமல் சமைத்தேன். என் தட்டில் முதலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அது பெரிய காரியம். யாரும் கவனிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் வழிகாட்டியிடம் போய், எனக்கு மஸ்கட் திரும்ப வேண்டும் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. மறுநாள் பாலைவனத்துக்குள் திரும்பும் முன் ஒரு சிற்றூர் வரும், அங்கிருந்து காலையில் பேருந்து இருக்கிறது, இறக்கிவிடுகிறேன் என்றார். பாலைவனத்துக்குள் போய்விட்டால் இரண்டு நாள் போன் கிடைக்காது என்றும் சொன்னார்.

அந்த ஊரில் ஒரு மளிகைக்கடை வாசலில் என் பெட்டியை இறக்கி வைத்தார்கள். பேருந்துக்குக் கால் மணி நேரம் இருந்தது. மற்ற ஆறு பேரும் வண்டிகளிலேயே இருந்தார்கள். நான் அக்காவுக்கு நேராகவே போன் போட்டேன். வந்துவிடுகிறேன் என்றேன். அவளுக்குப் பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"வா. உன் புள்ள, நான் வேணாங்கல" என்றாள். "ஆனா மூணாந் தடவையா என் வீட்டுல கொண்டாந்து விட்றாத. நாலு நாளா அம்புட்டுக் கத்து கத்துது. என் முதுகெல்லாம் அது கையால அடி. மறுபடி முதல்ல இருந்து கேக்க எனக்குத் தெம்பு இல்லடி."

நான் என் தவிப்பை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். அவளும் நான்கு நாளாகத் தூங்கவில்லை என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

"இன்னிக்கு ஏதாச்சும் சாப்பிட்டாளா?"

"அரை இட்லி. தொட்டுக்க வெஞ்சனம் கேட்டா."

அரை இட்லி. போனை வைத்துவிட்டு நின்றேன். பேருந்து வருவதும் தெரிந்தது. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தேன், விட்டேன். போவதா வேண்டாமா என்று யாராவது சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்று வண்டிப் பக்கம் பார்த்தேன். அவர்கள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்களின் மரியாதை. பேருந்து நின்றது, ஒருவர் இறங்கினார், அது போய்விட்டது. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினேன். ஆசிரியர் இறங்கி வந்து அதை வாங்கி மேலே ஏற்றினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். கேட்காததாலும் அழுகை வந்தது.

பாலைவனத்தில் இரண்டு நாள். அதைப் பற்றி ஊரில் எல்லாரும் கேட்டார்கள், ஒட்டகம் பார்த்தாயா, மணல்மேட்டில் ஏறினாயா என்று. ஏறினேன். எனக்கு நினைவிருப்பது வேறு. ஐந்தாம் நாள் காலை எழுந்தபோது மேல்சட்டை நனைந்திருக்கவில்லை. அழுத்திப் பார்த்தேன். வலி குறைந்திருந்தது. ஆறாம் நாள் காலை பீய்ச்சத் தேவையே இருக்கவில்லை. பாறை தேடிப் போகும் பழக்கத்தில் கூடாரத்தை விட்டு நடந்துபோய்விட்டு, செய்ய ஒன்றும் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பல் துலக்கிக்கொண்டே வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அவளிடம் அப்போது உண்மையைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டாள். வாய் நிறைய நுரையோடு பக்கத்தில் நின்றுவிட்டுத் துப்பப் போனாள்.

ஆறாம் நாள் மத்தியானம் ஒரு பெட்ரோல் பங்கில் போன் உயிர் பெற்றது. ஒன்பது பதிவுகள். வரிசையாகக் கேட்டேன். இட்லி ஒன்று. சோறு அரைக் கிண்ணம். தோப்பில் கீழே விழுந்த கொய்யாவைப் பொறுக்கி அவளே கடித்தாள். கடைசிப் பதிவில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்துல இருந்து உன்னையக் கேக்கவே இல்லடி. நல்ல சேதி சொல்றேன், பதிலக் காணோம்?"

சந்தோஷம் என்று தட்டினேன். அனுப்பும் முன் அழித்தேன். மறுபடி அதையே தட்டி அனுப்பினேன்.

மலையில் கழிந்த கடைசி இரண்டு நாளில் என் முறை வந்த வேலைகளைச் செய்தேன், முறை வராத வேலைகளைத் தொடவில்லை. மஸ்கட்டில் கணவர் விமான நிலையத்துக்கு வந்து வழியனுப்பினார். எப்படி இருந்தது என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

ஆயக்குடியில் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை, ஓடிப்போகவும் இல்லை. கொஞ்சம் கழித்து வந்து என் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அக்கா அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். ஒரு கிண்ணம் முழுவதும் தின்றாள். கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. நான் ஆசைப்பட்டது அதுதான், அதற்காகத்தான் போனேன்.

"செத்த நேரம் வச்சிரு, குளிச்சிட்டு வாரேன். கேட்டா குடுத்துறாத" என்று சொல்லிவிட்டு அக்கா பின்கட்டுக்குப் போனாள்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மகள் என் மடியில் உட்கார்ந்து வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் கேட்கவில்லை. கேட்பாள், கேட்டால் எப்படி மறுப்பது என்று விமானத்தில் முழுக்க ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். கேட்கவில்லை. நான் கதவைப் பார்த்தேன். பிறகு மேல்சட்டையைத் தூக்கினேன். ஏன் செய்தேன் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பால் இல்லை என்பது தெரியும், மருத்துவர் சொன்னது தெரியும், அக்காவின் முதுகு தெரியும்.

மகள் ஒரு நிமிடம் பார்த்தாள். விரலால் தொட்டாள். பிறகு சிரித்துக்கொண்டு, பொம்மைக்குச் சட்டை மாட்டுவதுபோல் என் சட்டையைக் கீழே இழுத்து மூடி, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இறங்கி வாசலுக்குப் போனாள். அங்கே கோழிக்குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

அக்கா ஈரத்தலையோடு வந்து, கேட்டாளா என்றாள்.

இல்லை என்றேன்.