இடது வளைவில் உரசிய தகடு

நாற்பத்தாறு வயதில் நான் நெடுந்தூரப் பயணத்துக்கான டூரிங் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். பழைய வண்டிதான். ஆனால் நல்ல கனம், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டியது. புதுக்கோட்டையில் பத்திரம் எழுதுவது என் வேலை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வண்டி மேல் ஓர் ஆசை.

வாங்கிய இரண்டாம் மாதமே பயம் பிடித்துக்கொண்டது. அன்னவாசல் பக்கம் சரளை கொட்டிப் போட்டிருந்த ரோட்டில், முன்சக்கரம் தெறிக்கவிட்ட ஒரு கல் எஞ்சினின் அடியில் போய் அறைந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. கவனிக்காமல் ஓட்டியிருந்தால் எஞ்சின் இறுகி, சக்கரம் நின்று, ரோட்டில் கிடந்திருப்பீர்கள் என்றார் மெக்கானிக். அதன்பிறகு எந்தக் கல் தெறித்தாலும் வண்டியை நிறுத்தி, குனிந்து அடியில் பார்த்தேன்.

ஒரு வெல்டிங் பட்டறையில் எஞ்சினுக்குக் கீழே இரும்புத் தகடு மாட்டச் சொன்னேன். பட்டறைக்காரர் சிறியதாகத்தான் அளவு எடுத்தார். நான்தான் விடவில்லை.

“இம்புட்டு அகலம் வேணாமுங்க, கீழ ரொம்ப எறங்குது” என்றார்.

“பரவாயில்ல, போடுங்க” என்றேன்.

எஞ்சினிலிருந்து நாலு விரல் கீழே இறங்கி, இரு பக்கமும் இறக்கை போல நீட்டிக்கொண்டு நின்றது தகடு. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

அடுத்த வாரம் ஜெகதாப்பட்டினத்தில் என் மனைவியின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பஸ்ஸில் போவோம் என்றாள் மனைவி. வண்டியில்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். சீர்ச் சாமான்களையெல்லாம் இரண்டு பெட்டிகளிலும் திணித்தோம். தேங்காய், பழம், புடவை, பித்தளைக் குடம் ஒன்று. அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் நன்றாக அமுங்கியது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அறந்தாங்கி தாண்டி ஒரு கண்மாய்க் கரையை ஒட்டி ரோடு இடது பக்கம் திரும்புகிறது. வெளியிலிருந்து பார்க்கச் சாதாரண வளைவு. உள்ளே போகப் போகத்தான் இறுகும். வண்டியை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். காலுக்குக் கீழே ‘கரக்’ என்று ஒரு சத்தம். யாரோ அடியிலிருந்து நெம்பியது போல வண்டி எழும்பியது. பின்சக்கரம் ரோட்டில் இல்லை என்பது எனக்கு முதுகெலும்பில் தெரிந்தது. வண்டி நிமிர்ந்து, நான் திருப்பாத திசையில், ரோட்டின் வலது பக்கத்துக்குப் போனது. எதிரே மீன் ஏற்றிய லாரி.

என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லாரிக்காரர்தான் ஏதோ செய்தார். ஹாரன் சத்தம் காதைப் பிளக்க, லாரியிலிருந்து வழிந்த ஐஸ் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. அடுத்து நாங்கள் எதிர்ப்பக்கத்து மண்ணில் நின்றுகொண்டிருந்தோம், விழாமல். என் இரண்டு கைகளும் பிடியை விட மறுத்தன. விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் முகம் மட்டும் கண் முன்னால் நின்றது.

“ஏங்க, கீழ என்னமோ இடிச்சுச்சுங்க” என்றாள் மனைவி. அவள் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “எறக்கி விடுங்க என்னைய.”

குனிந்து பார்த்தேன். தகட்டின் இடது ஓரம் தேய்ந்து வெள்ளையாகப் பளபளத்தது.

“நான் பஸ்ல வாரேன். நீங்க பின்னாடியே மெதுவா வாங்க” என்றாள். வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறினாள்.

மிச்ச தூரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வளைவு வந்தாலே ஆள் நடக்கிற வேகத்துக்கு இறங்கினேன். சாய்க்கப் பயந்து, நட்டுவைத்த கம்பு மாதிரி உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே கடந்தார்கள். பஸ் எப்போதோ கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

மனைவியின் தங்கை கணவர், என் சகலை, விசைப்படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். நடந்ததைக் கேட்டவர் என்னைத் திட்டவில்லை. அவர் வீட்டு வாசலில் எங்கள் இருவரையும் வண்டியில் ஏறி உட்காரச் சொன்னார். மனைவி மாட்டேன் என்றாள். தங்கை வந்து கையைப் பிடித்துக்கொண்ட பிறகு ஏறினாள். சகலை வண்டியை மெல்ல இடது பக்கம் சாய்த்தார். கொஞ்சம்தான் சாய்ந்தது, தகடு சிமெண்டுத் தரையில் இடித்தது.

“பாத்தீங்களா சகல? ஃபுட்ரெஸ்ட்டுதான் மொதல்ல உரசணும். உரசுனா அது மடங்கி மேல போயிரும், நமக்கும் தெரிஞ்சுபோகும். தகடு மடங்குமா? வண்டியவே தூக்கிவிட்டுரும். இதுல ரெண்டு ஆளு, இம்புட்டுச் சாமான். வண்டி அமுங்கிக் கெடக்கு.”

லாரியைப் பார்த்தபோது வந்த பயத்தைவிட இதைக் கேட்டபோது வந்த பயம் பெரிதாக இருந்தது. அதை மாட்டச் சொன்னவன் நான்.

“கழட்டி வீசிருங்க” என்றேன்.

“கழட்டுனா மறுபடி கல்லு அடிக்கும். இருக்கட்டும், வெட்டிக்கிருவோம்.”

காதுகுத்து முடிந்த மறுநாள் காலையில் கிரைண்டரால் இரு பக்க இறக்கைகளையும் சாய்வாக வெட்டினார். தகட்டை எஞ்சினுக்கு ஒரு விரல் இடைவெளியில் ஏற்றி முடுக்கினார். இரண்டு பேர் கனத்துக்குத் தக்கபடி பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டார். மறுபடி சாய்த்துக் காட்டினார். இம்முறை ஃபுட்ரெஸ்ட்தான் முதலில் தொட்டது, மடங்கிக் கொடுத்தது.

திரும்பும்போது மனைவி குனிந்து தகட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “ஏறிக்கிறேன். ஆனா அந்த வளைவுல மட்டும் நான் எறங்கி நடந்துர்றேன்” என்றாள்.

அப்படியே இறங்கினாள். நான் தனியாக வளைவைக் கடந்து அந்தப் பக்கம் காத்திருந்தேன். கண்மாய்க் கரையோரம், வண்டிகள் உரசுகிற மாதிரிப் போகும் ஒடுங்கிய ரோட்டில் அவள் நடந்து வருவதைப் பார்த்தபோதுதான், அவளை நடக்கவிட்டது இன்னும் ஆபத்து என்று உறைத்தது. கத்தினாலும் கேட்காத தூரம். வந்து ஏறி, என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “போங்க” என்றாள்.

வண்டி இப்போதும் வீட்டில்தான் நிற்கிறது. வல்லத்திராக்கோட்டைக்கும் அக்கம்பக்கத்துக்கும் சேர்ந்தே போய் வருகிறோம். விடுமுறையில் மகள் வந்தால் கொல்லிமலை போகலாம் என்று மனைவிதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அங்கே எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்டு வருகிறேன்.