ஒரு வருஷப் பொறுப்பு

மர்பி டவுனில் கிளிஃபர்ட் கட்டிய வீட்டில் காண்ட்ராக்டர் கை படவில்லை. தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. ஷிப்ட் முடிந்ததும் மேஸ்திரியோடு நின்றார். கூரைக்கு மோல்டிங் கான்கிரீட் போட்ட வாரம் லீவு எடுத்து, தளத்தில் பாத்தி கட்டித் தானே தண்ணீர் ஊற்றினார். அது தொண்ணூற்று மூன்றில். பத்து வருஷம் கழித்து மனைவி நோராவுக்கு இருதய ஆபரேஷன் என்றதும் வீட்டை விற்க வேண்டியதாயிற்று.

வாங்க வந்த கோவிந்தராஜன் சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். "ஃப்ளாட்டுன்னா பில்டர் பொறுப்பு ஏத்துப்பான், அங்கிள். இது நீங்களே கட்டினது. ஒரு வருஷத்துக்குள்ள ஒழுகினா, விரிசல் விட்டா நீங்க சரிபண்ணித் தரணும்னு எழுதிக்கலாமா?"

"பழைய வீட்டுக்கு யாரும் அப்படி எழுதறதில்ல சார்," என்றார் தரகர்.

கிளிஃபர்டுக்குச் சுருக்கென்றது. "எழுதுங்க. என் வீடு ஒழுகாது."

"இது தேவையா உங்களுக்கு?" என்றாள் நோரா, அவர்கள் போனதும்.

முதல் மழையிலேயே போன் வந்தது. போய்ப் பார்த்தார். மாடியில் புதிதாக சோலார் ஹீட்டர். அதன் கால்களுக்காகத் தளத்தைத் துளைத்து போல்ட் இறக்கியிருந்தார்கள். தண்ணீர் அங்கேதான் இறங்கியது.

"துளை போட்டது நீங்கம்மா," என்றார், கோவிந்தராஜனின் மனைவி உஷாவிடம்.

"ஒழுகினா நீங்க பொறுப்புன்னு எழுதியிருக்கு. ஏன் ஒழுகுதுன்னு அதுல இல்லியே, அங்கிள்."

வக்கீலைப் பார்க்கச் சொன்னாள் நோரா. அவர் போகவில்லை. தானே சிமென்ட் குழைத்துப் பூசிவிட்டு வந்தார். பிறகு கதவு பிடிக்கிறது என்று கூப்பிட்டார்கள், பாத்ரூம் சுவரில் ஓதம் என்று கூப்பிட்டார்கள். மாடி வேலைக்கு உள்ளே வர வேண்டாம், பக்கத்துப் படியில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தப் படிக்குக் கைப்பிடி வெல்டிங் செய்தவரும் அவர்தான்.

வருஷம் முடிந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து அந்தத் தெரு வழியாக இருவரும் வந்தார்கள். வீட்டின் பக்கச் சுவர் நெடுக ஈரம் படர்ந்திருந்தது. மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அடைத்திருக்கிறது. பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது. விட்டால் சுவர் ஊறிப்போகும்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்," என்றாள் நோரா.

"அவங்க வீடு. அவங்க பாத்துப்பாங்க."

நடந்தார். ஊறட்டும், நன்றாக ஊறட்டும் என்று மனசுக்குள் ஓடியது. அதில் ஒரு சுகம்கூட இருந்தது. தெருமுனை தாண்டிய பிறகுதான், எதைச் சபித்தோம் என்று உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சர்ச்சுக்கு அவர்கள் சுற்றுவழியில் போனார்கள்.