கத்தரிக்கு வாக்கெடுப்பு

விவசாய வாத்தியாருக்குப் பள்ளியில் வைத்த பெயர் 'லைக் சார்'. பள்ளித் தோட்டத்துச் செடி தும்மினால்கூட அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் படம் ஏறிவிடும். கத்தரி இலைகள் மஞ்சளானபோதும் படம் போட்டு, "என்ன குறை, சொல்லுங்கள்" என்று ஊர் உலகத்தைக் கேட்டார். அதையே பத்தாம் வகுப்புக்குத் தேர்விலும் கேட்டார். பக்கத்தில் அதிக லைக் வாங்கிய பதில், உரம் போதவில்லை என்பது. அதையே சரியான விடையாக வைத்துத் திருத்தினார். தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று எழுதிய தையல்காரர் மகளுக்கு முட்டை. தோட்டக்காரரைக் கொண்டு யூரியாவையும் அள்ளிக் கொட்டச் செய்தார்.

ஐந்தாம் நாள் பாத்தி முழுக்கக் கருகிப்போயிற்று. வகுப்பே சுற்றி நின்று பார்க்க, அவர் ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் அழுகி நாறியது. தையல்காரர் மகள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது? எந்த வெப்சைட்ல பார்த்த?"

"வெப்சைட்டா? மண்ணுல விரலை விட்டுப் பார்த்தேன் சார். சொதசொதன்னு இருந்துச்சு."

"அவளுக்கு ஒரு லைக் போடுங்க சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"பேப்பரைக் கொண்டாம்மா, முழு மார்க் போடறேன்."

"மார்க் கிடக்கட்டும் சார். பக்கத்துப் பாத்தியும் மஞ்சளாகுது, முதல்ல தண்ணிய வெட்டி விடலாம்."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவசரமாக நாலடி நடந்தார். அப்புறம் நின்றார். மண்வெட்டி எங்கே இருக்கும் என்பதையும் அவளிடமே கேட்க வேண்டியிருந்தது.