ஒன்பதாவது வண்டி

இன்பராஜ் யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. டீக்கடையில் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பான். டீசல் போடும்போது மீட்டரைப் பார்ப்பவர்கள் உண்டு. இவன் போடுகிறவனின் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பான். சர்ச்சில் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால் ஒரு கண்ணைத்தான் மூடுவான், இன்னொன்று வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக் காவல் காக்கும் என்று அவன் மனைவி கிறிஸ்டினாவே கேலி செய்வாள்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரிக்கு இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறான். ஏற்றுவது உப்புத் தோல். அழுகாமலிருக்க உப்பு தூவி மடித்த பச்சைத் தோல். உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். அந்த நாற்றத்தில் கிடந்து கிடந்து அவன் மூக்கு எப்போதோ செத்துப்போய்விட்டது. பிரியாணி வாசனைகூடத் தெரியாது. அதைவிடப் பெரிய வேதனை, தன் மேல் நாற்றம் வருகிறதா என்பதும் தெரியாது. பாகாயத்தில் நர்சிங் படிக்கிற மகள் லீவுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், "நாத்தம் வருதாம்மா?" என்று கேட்பான். "இல்லப்பா" என்பாள். அவள் சொல்வதையும் அவன் நம்பியதில்லை.

அதனால்தான் சொந்தமாக ஒரு பழைய டீசல் வண்டி வாங்கி, காய்கறியோ செருப்புப் பெட்டியோ ஏற்றிப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருஷமாக அலைகிறான். இதுவரை எட்டு வண்டி பார்த்துவிட்டான். எட்டிலும் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டு வந்தான். "நீ வண்டி பாக்கப் போறியா, திருடன் பிடிக்கப் போறியா?" என்று கிறிஸ்டினா சலித்துக்கொள்வாள்.

ஒன்பதாவது வண்டி வாலாஜாபேட்டையில் இருந்தது. பதினாலு அடி லாரி, பதினோரு வருஷப் பழசு. ஓட்டிக்கொண்டிருந்த அப்துல் வஹீத் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் மனைவி வஜீதா விற்கிறாள். பேச்சுவார்த்தையெல்லாம் அவளுடைய தம்பி முனீர் அகமது. சனிக்கிழமை காலை டேனரியில் ஒரு லோடு இறக்கக் கை கொடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு இன்பராஜ் பஸ் ஏறினான்.

"என்னா பண்றீங்க?" என்று முனீர் கேட்டபோது, "காய்கறி யாவாரம்" என்றான். வேண்டுமென்றேதான் சொன்னான். டிரைவர் என்று தெரிந்தால் குறையை மறைத்துவிடுவார்கள். விவரம் தெரியாதவன் என்று நினைத்தால் அலட்சியமாக இருப்பார்கள் என்பது அவன் கணக்கு.

முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. விற்கிறவன் காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்தால், குளிர்ந்த எஞ்சின் செய்கிற முரண்டு வெளியே தெரியாது. இங்கே அந்தத் தில்லுமுல்லு இல்லை. சாவியைத் திருப்பினான், ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. புகையைப் பார்த்தான், கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை. ஆயில் மூடியைத் திறந்து, உள்ளிருந்து புகை தள்ளுகிறதா என்று வலது உள்ளங்கையை மேலே பிடித்தான். கீழே படுத்து ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினான், சேஸ் என்கிற அடிச்சட்டத்தில் பொறித்த நம்பரை ஆர்சி புக்கோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது.

எல்லாம் சரியாக இருந்ததுதான் அவனுக்குப் பேஜாராகிவிட்டது. இவ்வளவு ஒழுங்காக ஒரு பழைய வண்டி எப்படி இருக்கும்? சேஸில் கறுப்புப் பெயின்ட் வேறு புதிதாக மின்னியது.

"பெயின்ட் எதுக்கு பாய் அடிச்சீங்க?"

"ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்சிக்கு காட்டணும்ல? எல்லாரும் அடிக்கிறதுதானே."

"தோலு ஏத்தின வண்டியா?"

"இல்லவே இல்ல. மச்சான் காய்கறியத் தவிர எதையும் ஏத்தினதில்ல."

தோல் ஏற்றிய வண்டி என்றால் உப்புத் தண்ணீர் பலகைக்குள் இறங்கி, சேஸை உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கும். மேலே பெயின்ட், உள்ளே வெறும் துரு. வேறு யாராக இருந்தாலும் முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடலாம். மூக்கில்லாத இன்பராஜுக்கு வேறு வழி இருந்தது. பின்னால் ஏறினான். வலது கையெல்லாம் ஆயில் என்பதால், இடது கை நகத்தால் மூலைப் பலகையைச் சுரண்டி நாக்கில் வைத்தான்.

உப்பு கரித்தது.

அவ்வளவுதான், இரண்டு வருஷத்து ஆத்திரமும் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. "உப்புத் தோலு வண்டிய காய்கறி வண்டின்னு தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். முனீர் குரான்மேல் சத்தியம் செய்ய வந்தார். இவன் காதிலேயே வாங்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ் வர நேரமிருந்தது. ஒரு கடலை மிட்டாய் வாங்கி, ஆயில் படாத இடது கையால் எடுத்துத் தின்றான். விரலில் ஒட்டிய பாகை நக்கினான். உப்பு கரித்தது. மிட்டாயில் உப்பைப் போட்டுவிட்டானா என்று கடைக்காரனை முறைத்தான். கடைக்காரன் எதுவும் புரியாமல் திருப்பி முறைத்தான். அப்புறம்தான் இன்பராஜுக்குச் சுரீரென்றது. விரலைத் திருப்பிப் பார்த்தான். இருபத்திரண்டு வருஷமாக வெடித்த வெடிப்புகள். நகக்கண்ணில் வெள்ளையாக, காலையில் இறக்கிய லோடின் உப்பு. அத்தனை சோப்புக்கும் போகாத உப்பு.

வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பிப் போனான். முனீர் வீட்டுக் குழாயடியில் கையைக் கழுவினான், நகக்கண்ணைக் குச்சியால் குடைந்தான், மறுபடி கழுவினான். வண்டியில் ஏறி அதே மூலையைச் சுரண்டி நாக்கில் வைத்தான். மண்ணும் மரமும்தான், துளி உப்பில்லை.

இறங்கும்போது வாசலில் வஜீதா நின்றிருந்தாள். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க தோலு லோடு ஓட்டறவரா?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "ஆமாக்கா."

"அவரு கையும் இப்படித்தான் இருந்துச்சு. பத்து வருஷம் தோலு ஓட்டினாரு. அது வேணாம்னுதான் இந்த வண்டிய வாங்கினாரு. ஜாஸ்தி வாடகை தர்றேன்னு எத்தனை பேர் கேட்டாங்க, ஒரு நடைகூட ஏத்தல. அந்த மனுஷன் பேரை நடுத்தெருவுல நாறடிச்சிட்டீங்க."

"தப்புதாங்கா. என் கை உப்பு அது. நானும் அதை விட்டுட்டு வரணும்னுதான் வண்டி தேடறேன். இதுல காய்கறிதான் ஏத்துவேன்."

"கொஞ்சம் முன்னாடி காய்கறி யாவாரின்னு சொன்னதும் இதே வாய்தானே?"

இன்பராஜ் முனீரைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நெசமாத்தாங்கா சொல்றேன்."

"இருக்கலாம் தம்பி," என்றாள் வஜீதா. குரலில் கோபம் இல்லை. "எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கே நீங்க இதுல தோலு ஏத்தினா நான் இங்கேர்ந்து வந்து பாக்கவா போறேன்? வேற யாருக்காவது கம்மிக்குக் கொடுத்தாலும் பரவால்ல. உங்களுக்கு வேணாம்."

அவன் இன்னும் ஏதேதோ சொன்னான். மகளைப் பற்றிச் சொன்னான், செத்துப்போன மூக்கைப் பற்றிச் சொன்னான். எல்லாம் உண்மை. சொல்லச் சொல்ல அவனுக்கே அது கட்டிவிட்ட கதை மாதிரிதான் கேட்டது. வஜீதா பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது கிறிஸ்டினா போன் செய்தாள்.

"இன்னா, முடிஞ்சுதா? இந்த வண்டியில என்னா குறை கண்டுபிடிச்ச?"

இன்பராஜ் மடியில் கிடந்த இடது கையைத் திருப்பிப் பார்த்தான்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல கிறிஸ்டி. அவங்கதான் என்னைப் பாத்துட்டு வேணான்னுட்டாங்க."