அவரைப் பந்தல்

அம்மா உயிரை விட்ட அந்த இரும்புப் பந்தல் அதற்குப் பிறகும் ஏழெட்டு வருடம் கொல்லையில் நின்றது. அப்பா யாரையும் அதன் மேல் கை வைக்க விடவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கொல்லை நீளமானது. அதன் கோடியில் ஒவ்வொரு வருடமும் சவுக்குக் கழி நட்டு அம்மா அவரை ஏற்றுவாள். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் பந்தல் படுத்துவிடும். அப்பாதான் மழையில் நனைந்துகொண்டே தூக்கிக் கட்டுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், இனி இந்தத் தொல்லையே வேண்டாம் என்று இரும்புக் குழாயில் பந்தல் போட்டார். தண்ணீர் மோட்டாருக்குப் போகும் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் பந்தல் காலோடு சேர்த்து இழுத்துக் கட்டினார்.

காற்றில் உராய்ந்து உராய்ந்து ஒயரின் மேல்தோல் தேய்ந்திருக்கிறது. ஒரு மழை நாள் காலையில் அம்மா செருப்பில்லாமல் அவரை பறிக்கப் போனாள். காய்க்காகப் பந்தல் குழாயைப் பிடித்த கையை அவளால் எடுக்க முடியவில்லை. அப்பா ஓடிப்போய் இழுத்திருக்கிறார். கரண்ட் அப்பாவையும் தூக்கி எறிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வந்து மெயினை அணைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சிதம்பரத்தில் வேலையில் இருந்த நான் பஸ் பிடித்து வருவதற்குள் அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

அதன் பிறகு நானும் என் மனைவியும் அப்பாவோடே வந்துவிட்டோம். ஒயரை மாற்றினோம். பந்தலை எடுக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அப்பா எழுந்து போய்விடுவார். கொடி காய்ந்து உதிர்ந்தது. இரும்பு துருப்பிடித்தது. போன வருடம் ஒரு கால் அடியில் இற்று, பந்தல் பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் சாய்ந்தது.

அந்த அக்கா அப்பாவிடமே வந்து சொன்னாள்: "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. பேரப் பசங்க அங்கதான் ஆடுதுங்க. மேல வுழுந்துட்டா என்னா பண்றது?"

"எடுத்துடறோம்மா" என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வெல்டிங் கடைக்காரரை அழைத்து வந்தேன். அவர் இரும்பு அறுக்கும் மெஷினை இறக்கி வைத்து, "அண்ணே, கரண்ட் எங்க எடுக்கறது?" என்று கேட்டார்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "கரண்ட் வேணாம்."

"ஐயா, மெஷின் இல்லாம கையால அறுத்தா ரொம்ப நேரமாவும்."

"ஆவட்டும்."

நான் கடைக்காரரை வாசலுக்குக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மெஷினை வண்டியில் ஏற்றிவிட்டு, கைரம்பம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பாவும் நானும் மாறி மாறி அறுத்தோம். ஒயர் கட்டியிருந்த காலுக்கு வந்ததும் அவர் ரம்பத்தை என்னிடம் தரவில்லை. மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்தி அறுத்தார்.

"கொஞ்சம் உக்காருங்கப்பா. நான் அறுக்கறேன்."

"உங்கம்மா கழியிலயே போடுங்கன்னா. வருஷா வருஷம் இதான் எனக்கு வேலையான்னு சத்தம் போட்டேன்."

"விடுங்கப்பா. எலக்ட்ரீஷியன் பாத்துக் கட்டியிருக்கணும்."

"எலக்ட்ரீஷியன் எங்கடா வந்தான்? நான்தானே கட்டினேன்."

இத்தனை வருடத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவர் அழவில்லை. மறுபடி ரம்பத்தை இழுக்க ஆரம்பித்தார்.

பழைய இரும்பு எடுப்பவர் வந்து அள்ளிப் போகும்வரை அப்பா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் நான் கொல்லைக்குப் போனபோது அங்கே சவுக்குக் கழிகள் கிடந்தன. அப்பா கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நான் கழியைப் பிடித்துக்கொள்ள, அவர் மண்ணை மிதித்து இறுக்கினார். என் மனைவி விதை ஊன்றினாள்.

மார்கழியில் அவரை காய்த்துத் தொங்கியது. அப்பா தினமும் பறித்துத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்தார். எங்கள் வீட்டு அடுப்புக்கு மட்டும் ஒரு காய்கூட வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள் ஒரு பிடி காயை என் மனைவியிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"இன்னிக்கிப் பொரியல் பண்ணும்மா."

"சரிங்க மாமா. தேங்கா ஜாஸ்தி போடவா?"

"ம்."

அன்று எங்களோடு உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார். இரண்டாவது முறை வைக்கப் போனபோது வேண்டாமென்று தட்டின் மேல் கையைக் குறுக்கே வைத்தார். நாங்கள் எழுந்த பிறகும் எச்சில் கை காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.