முதலுதவி அறையில் வயிற்று வலி கிடையாது

ராக்கம்மாளுக்கு மனித உடம்பு மனப்பாடம். உசிலம்பட்டியிலிருந்து தினமும் மதுரைக்குப் போய் ஒரு வருஷம் நர்ஸிங் உதவியாளர் படிப்பு படித்தவள். ரத்தம் எந்த வழியாக இதயத்துக்குள் போகிறது, சிறுநீரகம் எதை வடிக்கிறது, சர்க்கரை இறங்கினால் ஆளுக்கு எப்படி வியர்க்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். என்ன பிரயோசனம்? 2004இல் பெருமாநல்லூர் பக்கத்து பனியன் கம்பெனியில் நர்ஸாகச் சேர்ந்த அன்றே, சூப்பர்வைசர் திருமூர்த்தி அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்துவிட்டார். உள்ளே பேர் ஊர் தெரியாத வெள்ளை மாத்திரைகள். வயிறு வலிக்கிறது என்று எந்தப் பிள்ளை வந்தாலும் ஒன்று. அவ்வளவுதான் வைத்தியம்.

வயசுப் பிள்ளைக்கு வயிறு வலித்தால் அது மாதாமாதம் வருகிற வலிதான் என்பது அங்கே சட்டம். லீவு கொடுத்தால் தையல் லைன் நின்றுபோகும் அல்லவா! இன்னொரு சட்டமும் உண்டு. முதலுதவி அறை நோட்டில் வயிற்று வலி என்று எழுதக் கூடாது, தலைவலி என்றுதான் எழுத வேண்டும். வயிற்று வலி நிறைய இருந்தால், பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் சோதனைக்கு அனுப்புகிற ஆடிட் ஆட்கள் தண்ணீர், கக்கூஸ், சாப்பாடு என்று நோண்ட ஆரம்பித்துவிடுவார்களாம். முதல் மாதம் எழுதும்போது ராக்கம்மாளுக்குக் கை கூசியது. பிறகு பழகிவிட்டது.

2006 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை பார்க்கும் ஆஷா வந்தாள். நாசரேத் பக்கத்துப் பெண், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். மாத்திரை. புதன்கிழமை வாந்தி என்று வந்தாள். அதற்கும் மாத்திரை. வியாழக்கிழமை காலையில் வலது பக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் நடந்து வந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

ராக்கம்மாளுக்குச் சுருக்கென்றது. பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்து, அடிவயிற்றின் வலது பக்கத்தை மெல்ல அழுத்திச் சட்டென்று கையை எடுத்தாள். "யக்கா!" என்று துடித்துப்போனாள் ஆஷா. குடல்வால் வீக்கம். பாடத்தில் படித்தது அப்படியே கண் முன்னால் கிடந்தது.

ஓடிப்போய்த் திருமூர்த்தியிடம் சொன்னாள். "சார், இது மாசாமாசம் வர்ற வலி இல்ல. குடல்வால் மாதிரி தெரியுது. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"ஏனுங்க நர்ஸம்மா, நேரங்காலம் தெரியாதுங்களா? இன்னைக்கு ஆடிட்டுங்க. அவிங்க வர்றப்ப கேட்டுல ஆம்புலன்ஸ் நின்னா என்னத்துக்காகறது? ரண்டு மாத்திரையாக் குடுத்து அந்தப் புள்ளைய லைனுக்கு அனுப்பி உடுங்க. கட்டில் காலியா இருக்கோணும். அவிங்க போனதுக்கப்பறம் பாத்துக்கலாமுங்க."

மரியாதைக்கு மட்டும் ஒன்றும் குறைச்சல் இல்லை! மறுத்துப் பேசினால் வேலை போய்விடும். ராக்கம்மாள் இரண்டு மாத்திரை கொடுத்தாள். தானே கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ச் செக்கிங் மேஜை முன்னால் பிள்ளையை நிறுத்திவிட்டும் வந்தாள்.

பதினொரு மணிக்கு ஆடிட் செய்கிற வெள்ளைக்காரம்மா முதலுதவி அறைக்கு வந்தாள். வேலை செய்கிற பெண்ணுக்குக் கடுமையான வயிற்று வலி வந்தால் என்ன செய்வீர்கள் என்று, கூட வந்த ஆளை விட்டுத் தமிழில் கேட்டாள்.

"எந்த இடத்துல வலின்னு மொதல்ல பாப்பேன். வலது பக்கம் அடிவயித்துல வலி, கூட காய்ச்சல், வாந்தின்னு இருந்தா வலி மாத்திரை குடுக்கவே மாட்டேன். ஒடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன்."

அந்தம்மா முகம் மலர்ந்து எழுதிக்கொண்டாள். திருமூர்த்திக்கு வாயெல்லாம் பல். அடிப்பாவி, நாற்பதடி தூரத்தில்தானே நின்றாள் அந்தப் பிள்ளை? வெள்ளைக்காரியின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியிருக்கக் கூடாதா? வாய் பாடத்தை ஒப்பித்தது, கால் நகரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மனசு கேட்காமல் செக்கிங் பக்கம் போனாள். ஆஷா சிரித்தாள்.

"யக்கா, வலி சுத்தமாப் போயிட்டு. ஒங்க மாத்திர நல்லாக் கேட்டுட்டுக்கா."

பக்கத்து மேஜைக்காரிகளுக்குச் சந்தோஷம். ராக்கம்மாளுக்கு இல்லை. வீங்கிய குடல்வால் உடைந்தால் கொஞ்ச நேரம் வலி நின்றுபோகும், அதற்குப் பிறகு சீழ் வயிறு முழுக்கப் பரவும். அந்தக் கூடத்தில் இது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்துகொண்டே அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஆடிட் ஆட்கள் காரேறும்போது மணி மூன்றரை. நான்கு மணிக்கு ஆஷாவைக் கம்பெனி வேனில் தூக்கிப் போட்டார்கள். கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தும் சனிக்கிழமை இறந்துபோனாள். பத்தொன்பது வயசு.

அடுத்த புதன்கிழமை ஆஷாவின் அம்மா, மகளின் துணிமணிகளை வாங்கிப் போக வந்தாள். கூடவே இளைய மகள். நர்ஸம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாளாம். கன்னத்தில் அறையத்தான் வருகிறாள் என்று ராக்கம்மாள் எழுந்து நின்றாள். அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அந்தம்மா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மூணு நாளும் நீதான் மாத்திர குடுத்துப் பாத்தியாமே, பிள்ளைகள்லாம் சொல்லுது. கூடப் பொறந்தவ மாதிரி பாத்திருக்க. நீ நல்லாருக்கணும் தாயி." பின்னால் நின்ற மகளை முன்னால் இழுத்தாள். "இவ எளையவ. திங்கக்கெழமையிலேருந்து இங்கதான் வேலைக்கு வாரா. நீ இருக்கங்கிற தைரியத்துலதான் விட்டுட்டுப் போறேன்."

வேண்டாம்மா, இவளையாவது கூட்டிக்கொண்டு ஓடிப்போய்விடு என்ற வார்த்தை ராக்கம்மாளின் தொண்டை வரைக்கும் வந்தது. வாசலில் திருமூர்த்தி நின்றுகொண்டிருந்தார்.

"சரிம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.