அருளப்பு அண்ணை குரல் கொடுத்த போலந்துப் படம்

அருளப்பு அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி திரேசா அக்கா தொலைபேசியில் சொன்னபோது, இங்கே ஜேர்மனியில், ஹம் நிலையத்தில் வேலைக்குப் போகும் ரயிலுக்காக நின்றிருந்தேன். கண்ணீருக்கு முன் எனக்கு வந்தது எரிச்சல். தன் கூடப்பிறந்த தம்பி பிலிப்புவோடு ஒரு வார்த்தை கதைக்காமலே மனிதர் போய்விட்டாரே என்ற எரிச்சல். அது இன்னும் அடங்கவில்லை. அவர் நல்லவர், வல்லவர் என்று எழுத, இங்குள்ள எங்கள் சனத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் இதைத்தான் எழுத வேண்டும்.

தொழிற்சாலையில் எங்களோடு பொதி கட்டியவர்களில் பாதிப்பேர் போலந்துக்காரர். ஜேர்மன் வகுப்புக்குப் போகப் பஞ்சிப்பட்ட அண்ணை, அவர்களோடு பகிடி விட்டே போலிஷ் பிடித்துவிட்டார். "ஒரு பாஷையிலை சண்டை பிடிக்கத் தெரிஞ்சாப் போதும், மிச்சம் தானா வரும்" என்பார்.

எங்களோடு வேலை செய்த தனூத்தா அவருக்கு ஒரு நகைச்சுவைப் படத்தின் டிவிடியைக் கொடுத்தார். தாயின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கூடுகிறார்கள்; கேக் வெட்டுவதற்குள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் போகிறார்கள். "இது போலந்தில்லை, எங்கடை வீடு. சனத்துக்குக் காட்டத்தான் வேணும்" என்று அண்ணை ஒற்றைக்காலில் நின்றார். படத்தின் அடியில் தமிழில் எழுத்து ஓடாதே என்றேன். "அதுக்கென்ன, நான் சொல்லுறன்" என்றார்.

டோர்ட்மண்ட் பங்குக் கோயில் மண்டபத்தில், கிறிஸ்மஸ் ஒன்றுகூடலில் அது நடந்தது. வந்திருந்த உங்களுக்குத் தெரியும். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தாய்க்கும் மருமகளுக்கும் குடிகார மாமாவுக்கும் அவர் ஒருவரே பேசினார். உருளைக்கிழங்கு சலாட்டுக்காக மருமகள்மார் கொழுவிச் சண்டை பிடித்த இடத்தில் சிரித்துச் சிரித்து எனக்கு விலா நொந்தது. பிறகு மூத்த மகன் தம்பியைக் கேள்வி கேட்கும் இடம் வந்தது. அண்ணை சொன்னார்: "அம்மா படுக்கையிலை கிடக்கேக்கை நீ எங்கை நிண்டனி?"

முன்வரிசையில் இருந்த பிலிப்பு எழுந்துவிட்டார். அவர்களுடைய தாய் மன்னாரில் படுக்கையில் கிடந்து இறந்தவர். பிலிப்பு போய்ப் பார்க்கவில்லை. "படத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை. மைக் கிடைச்சதெண்டு சபையிலை வைச்சு என்னைக் குத்துறார்" என்று சொல்லி, மனைவியையும் கூட்டிக்கொண்டு வெளியேறினார்.

"ஒருக்கால் போய் விளங்கப்படுத்துங்கோ அண்ணை" என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன். "படத்திலை இருந்ததைத்தானே சொன்னனான். அவன் வந்து கேக்கட்டும்" என்பார். பிலிப்புவிடம் போனால், "அவர் வந்து மன்னிப்புக் கேக்கட்டும்." தனூத்தாவை விசாரிப்போமா என்றால், "அவ அண்ணையின்ரை ஆள்" என்பார் பிலிப்பு. இரண்டு வீடுகளும் ஒரே தெருவில். நீங்களும்தான், கொண்டாட்டத்துக்கு யாரை அழைப்பது, யாரை விடுவது என்று கணக்குப் பார்த்தீர்களே தவிர, ஒருவரும் அந்த இருவரையும் ஒரு மேசையில் இருத்தவில்லை. எனக்கு உங்கள் மேலும் கோபம்தான்.

அடக்கம் முடிந்து தேநீர் கொடுத்தபோது பிலிப்பு என்னருகே வந்தார். தனூத்தாவும் அங்கே நின்றிருந்தார். "அவவிட்டைக் கேளும், அந்தப் படத்திலை உண்மையிலேயே அப்பிடிக் கேக்கிறாங்களோ எண்டு."

ஜேர்மனில் கேட்டேன். தாய் முன்பு நோயில் கிடந்ததைச் சொல்லி அப்படித்தான் கேட்கிறான் என்றார் தனூத்தா. அடுத்த வசனம் இன்னும் மோசமாம்: வீட்டைப் பிரிக்கும்போது மட்டும் வந்து நின்றாயே என்பானாம். தம்பி தாங்கமாட்டான், அதைத் தமிழில் சொல்லமாட்டேன் என்று அருளப்பு படம் போட முதலே தன்னிடம் சொல்லிவிட்டாராம். மன்னார் வீட்டில் பங்கு கேட்டுப் பிலிப்பு ஊருக்குப் போய்வந்தது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

பிலிப்பு தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "அண்ணை ஏன் இதை எனக்குச் சொல்லாமல் விட்டவர்?"

"நீங்கள் கேக்கேல்லையே" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்.

திரேசா அக்கா அந்த டிவிடியை என்னிடம் தந்துவிட்டார். அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். பிலிப்பு அடிக்கடி தொலைபேசி எடுக்கிறார். "ஒருக்கால் முழுசாப் போட்டுக் காட்டுமன்" என்கிறார். போடலாம். எங்கள் இருவருக்கும் போலிஷ் தெரியாது.